உள் பையில் ஒரு சிவப்புப் பட்டன்

பட்டாளத்தார் கவிதை எழுதுகிறார் என்ற செய்தியைத் தெரு நம்பவே இல்லை. நம்புகிற மாதிரி ஆளா அவர்? ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. ஓர் ஆள் உள்ளே நின்று குளிக்கிற அளவுக்குப் பெரிய துவைக்கும் இயந்திரம், அதன் வாய்க்குள் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை அள்ளிப் போடுவார், அள்ளி எடுப்பார், மடிப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். ரொம்ப வற்புறுத்தினால் "ஆமா" என்பார். அவ்வளவுதான் அவருடைய இலக்கியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போருக்குப் போய் வந்தவர் என்பதால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எப்படியும் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "அண்ணே, எத்தனை பேரச் சுட்டிருப்பீங்க?" என்பார்கள், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி. "நான் துணி துவைச்சேன்" என்று பட்டாளத்தார் சொல்வார். அவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். ஆள் நழுவுகிறார் என்று நினைப்பு. மனுஷன் சொன்னது சத்தியம் என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

படையில் சேர்ந்த புதிதில், யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று வரிசையில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் லாரி ஓட்டத் தெரியும் என்றான், ஒருவன் சமைப்பேன் என்றான். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "துணி துவைப்பேன், தைப்பேன்" என்று சொல்லித் தொலைத்தார். அம்மா ஊரார் துணியைத் துவைத்துத் தைத்துக் கொடுத்துத்தான் இவரையும் அக்காவையும் வளர்த்தாள், அந்தப் பெருமையில் வந்த வார்த்தை. நேராகக் கொண்டுபோய், சண்டை நடக்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

செத்துப்போனவர்களின் பெட்டிகள் அங்கேதான் வரும். பெட்டியைத் திறக்க வேண்டும், சட்டைப் பைகளைக் காலி செய்ய வேண்டும், துவைக்க வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும், இஸ்திரி போட்டு மறுபடி அடுக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீட்டுக்காரங்க பார்த்துட்டுக் கேள்வி கேக்குற மாதிரி எதுவும் போகக் கூடாது. சட்டை புதுசு மாதிரி இருக்கணும்." ரத்தக் கறை இருந்தால் பச்சைத் தண்ணீரிலும் உப்பிலும் ஊறவைத்து எடுப்பார். பட்டன் உடைந்திருந்தாலும், கருகியிருந்தாலும், படையில் கொடுக்காத வேறு பட்டனாக இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு டப்பாவிலிருந்து காக்கிப் பட்டன் எடுத்துத் தைப்பார். இடது கையால் தைப்பார். அதனால் கொட்டகையில் அவருக்குப் பீச்சாங்கை என்று பேர். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் இரண்டு பேருடைய பெட்டிகளும் பிறகு அதே கொட்டகைக்கு வந்தன.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பிறத்தியார் சட்டைப் பையில் கை விடும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "ஒரு ஆளு பையில என்ன வச்சிருக்கான்னு அவனுக்கும் அவன் சட்டைக்கும் தெரிஞ்சாப் போதும்" என்பாள். கண்ணை மூடி எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, அப்படியே துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொட்டகையில் எல்லாம் தலைகீழ். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்து எது வீட்டுக்குப் போகலாம், எது நெருப்புக்குப் போகலாம் என்று பிரிக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு அவருக்கு ஒரு பையில் இருந்ததுகூட ஞாபகத்தில் இல்லை. இதுதான் அவரை அரித்தெடுத்தது. கையை விட்டது ஞாபகம் இருந்தது, துணியின் ஈரம் ஞாபகம் இருந்தது. எடுத்தது என்ன? ஒன்றும் இல்லை. அத்தனை பேருடைய கடைசிப் பொருளையும் பார்த்த ஒரே ஆள் நான், எனக்கே ஞாபகம் இல்லையென்றால் அந்தப் பாவிகள் எதை வைத்திருந்து என்ன பிரயோசனம் என்று அழுதிருக்கிறார், அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அப்படித்தான் கவிதை வந்தது. காலியாகக் கிடந்த அந்தப் பைகளில் தன்னுடைய சின்ன வயதுச் சாமான்களை எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒருவன் பையில் தன் கோலிக்குண்டு. ஒருவன் பையில் உடைந்த சிலேட்டுக் குச்சி. ஒருவன் பையில் அக்காவின் தலை கிளிப். சலவைத் துணியில் கட்டுகிற அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுவார். மடிக்கிற மேஜையில் வேலை பார்த்த ஒருத்தி எடுத்துப் படித்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வைத்தாள். அவர்கள் போட்டும்விட்டார்கள்.

உள் பைக்குள் கை விடுகிறேன்,
ஒரு சிவப்புப் பட்டன்.
பள்ளிக்கூட மணி அடிக்கிறது.
எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு
வீட்டுக்கு ஓடுகிறேன்.

அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு, "என்னடா கதை விடுற? உன் பள்ளிக்கூடச் சட்டையில அம்மா வச்சது பச்சைப் பட்டன். கிளாஸே சிரிச்சுச்சுன்னு மூக்கச் சிந்திக்கிட்டு வந்தியே" என்றாள்.

"கவிதைக்குச் சிவப்புதான்க்கா எடுப்பா இருக்கு."

"அது சரி. இனிமே சோத்துக்கும் சிவப்புன்னு எழுதிடு, சாப்பிட்ட மாதிரி இருக்கும்." சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். பட்டாளத்தாரும் சிரித்தார். சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. நாற்பதை நெருங்குகிற ஒரு பெண், தோளில் துணிப்பை. பத்திரிகை ஆபீசில் விலாசம் கேட்டு வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அக்கா கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அண்ணே, அந்தப் பட்டன் நெசமா?" என்றாள்.

பட்டாளத்தாருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அவள் கணவன் கடைசியாக லீவுக்கு வந்தபோது அவன் சட்டையின் உள் பையில் பட்டன் இல்லை. வீட்டில் இருந்தது ஒரு சிவப்புப் பட்டன்தான். வெளியே தெரிந்தால்தானே மேலதிகாரி திட்டுவார், உள்ளேதானே என்று சொல்லி அதையே தைத்துவிட்டாள். "யாரு சட்டை காணாமப் போனாலும் என் சட்டைய நான் கண்டுபிடிச்சிருவேன்னு சிரிச்சிக்கிட்டே போனார்." அதன் பிறகு ஆள் வரவில்லை, பெட்டி வந்தது. உடம்பை அங்கேயே புதைத்துவிட்டதாகத் தகவல். பெட்டியில் சட்டை இருந்தது. சட்டையின் உள் பையில் காக்கிப் பட்டன் இருந்தது.

"சட்டைக் கழுத்துல இருந்த நம்பர்கூட வெளுத்துப்போயிருந்துச்சு. இது அவரு சட்டையே இல்லன்னு சொல்லிட்டேன். யாரோடதையோ மாத்தி அனுப்பிட்டாங்க, சட்டைய மாத்துனவங்க ஆளையும் மாத்தியிருப்பாங்கன்னு இத்தனை வருஷமா இருக்கேன். எல்லாரும் எனக்குப் பைத்தியம்னுதான் சொல்றாங்க, சொல்லட்டும். இப்ப நாங்க இருக்கிற கட்டடத்த இடிக்கப்போறாங்க. மகளுக்கு வேற ஊர்ல வேலை, வாம்மா வாம்மான்னு உசிர எடுக்கிறா. நான் எப்படிப் போறது? அவரு வந்தா அந்த வீட்டுக்குத்தானே வருவாரு? வேற விலாசம் அவருக்குத் தெரியாதே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க கவிதையைப் படிச்சதும் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க அந்தச் சட்டையப் பாத்தீங்களா? அவரு செத்துட்டாரா?"

பட்டாளத்தாருக்கு நெஞ்சில் இருந்த பாரம் அப்போது இறங்கியதை என்னவென்று சொல்வது. நல்லவேளை, அந்தப் பட்டன் கட்டுக்கதை. "அம்மா, அது என் பள்ளிக்கூடச் சட்டைம்மா" என்றார். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். அம்மா தைத்ததைச் சொன்னார், வகுப்பு சிரித்ததைச் சொன்னார், செத்தவர்கள் பையில் தன் சாமான்களைப் போட்டு எழுதுகிற பழக்கத்தைச் சொன்னார். "பச்சைப் பட்டன்தான். நான்தான் சிவப்புன்னு மாத்திப்புட்டேன். வேணும்னா எங்க அக்காவக் கேளுங்க."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள்.

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. வர்ற வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழைச்சேன்" என்றாள். அக்கா தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பெண்களும் வீட்டு வாடகை, மகளின் வேலை, தையல் கூலி என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். இதோடு அவள் எழுந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

போகிறபோது, தைக்கிறவளாயிற்றே என்று அக்காவிடம் காட்டத்தான் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். "பாருங்கக்கா, எந்தப் புண்ணியவான் வீட்டுக்குப் போகவேண்டியதோ. துவைச்சு மடிச்சுப் பத்திரமா வச்சிருக்கேன். அவங்க வந்து கேட்டாக் கொடுக்கணுமில்ல."

அக்கா உள் பையைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற பட்டன்கள் எல்லாம் மெஷினில் தைத்தவை. உள் பைப் பட்டன் மட்டும் கையால் தைத்தது. குறுக்காகப் போட்டு, பட்டனின் கழுத்தை நூலால் சுற்றி, முடிச்சைத் துணிக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒளித்துவைத்த தையல். அது அம்மாவின் தையல். சுற்று மட்டும் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. அம்மாவின் தையலை இடது கையால் தைக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

அக்கா சட்டையை மடித்தாள். அவசரமாக மடித்தாள். தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது. ஆனால் பட்டாளத்தாரும் பார்த்துவிட்டார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். அந்தப் பெண் சந்தோஷமாகப் பஸ் ஏறியிருப்பாள், மகள் கெஞ்சிக்கொண்டே இருந்திருப்பாள், ஒருநாள் ஆட்கள் வந்து சுவரை இடிக்கும்போது உள்ளே நின்று விலாசத்தைக் காவல் காத்திருப்பாள். பட்டாளத்தார் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்கிற மாதிரி எதுவும் போகக் கூடாது என்ற அந்தக் குரல் இன்னும் காதில் கேட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஆளுக்குத் தான் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதா என்று அவருக்குக் கோபம் வந்தது.

"அம்மா," என்றார். "அந்தப் பட்டன் நான் தச்சது."

அவள் சிரித்த முகத்தோடே திரும்பினாள். "எது?"

"உள் பையில இருக்கிறது. கொட்டகையில படை பட்டன் இல்லாததெல்லாம் வெட்டிட்டு வேற வைக்கச் சொல்லுவாங்க. வெட்டுனது நான். தச்சதும் நான். அது என் கை."

"நீங்க எத்தனையோ சட்டைக்குத் தச்சிருப்பீங்க" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சும்மா உடைஞ்ச பட்டனைக்கூட மாத்தியிருப்பீங்க."

"இருக்கலாம்."

"பின்ன எதுக்குச் சொல்றீங்க?"

அவள் மெஷின் மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அக்கா, "வேண்டாம்மா, விடு" என்று கையைப் பிடித்தாள். அவள் விலக்கிக்கொண்டு, பட்டனின் கழுத்தில் கத்தரியை வைத்து வெட்டினாள். பட்டன் தனியாக வந்தது. அதற்கு அடியில், இத்தனை வருஷமும் பட்டாளத்தாரின் முடிச்சுக்குக் கீழே அழுந்தி, வெளுக்காமல் ஒரு துணுக்கு நூல் துணியில் சிக்கியிருந்தது. சிவப்பு நூல்.

"நூலும் சிவப்புதான் போட்டேன்" என்றாள் அவள். "அதச் சொல்ல மறந்துட்டேன்."

அழுவாள் என்று அக்கா தயாராக நின்றாள். அவள் அழவில்லை. அந்த நூலை விரலால் தடவினாள். பிறகு, "அந்தப் பட்டன் எங்க?" என்று கேட்டாள்.

"வெட்டுனதையெல்லாம் குப்பையோட எரிச்சிருவாங்கம்மா."

"ம்." சட்டையைப் பைக்குள் வைத்தாள். "மகளுக்குப் போன் பண்ணணும். வீட்டக் காலி பண்ண வரச் சொல்லணும்." எழுந்தவள் காக்கிப் பட்டனைப் பட்டாளத்தாரின் கையில் வைத்தாள். "இது உங்களோடது அண்ணே. அவரோடது இல்ல, நீங்களே வச்சுக்கோங்க." நிலைப்படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க அத எழுதாமலே இருந்திருக்கலாம்."

அவள் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றாள். உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை. பட்டாளத்தார் இடது கையை மூடி வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பைகளில் ஒன்றே ஒன்று அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அதைப் போய்த் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உன் சட்டையில இருந்தது பச்சைதானடா?" என்று அக்கா கேட்டாள்.

"பச்சைதான்க்கா" என்றார் அவர்.