காம்பில்லாத குடை

படக்கடை முதலாளி கிஹெய், படத்தின் கருப்புக் கோடுகளை அச்சிடும் மரக்கட்டையைத் திருத்திக் கொண்டுவந்து, அச்சுப் போடும் ஒதாத்சுவின் முன்னால் வைத்தார். கொரின்ஜி கோயில் வாசல், கொட்டும் பனி, எடோ நகரத்துக் கூட்டம், எல்லாம் பழையபடியே இருந்தன. படியோரம் குடைக்கடியில் மாவுருண்டை சுட்டு விற்கும் அவள் அக்கா ஓஷிமோ மட்டும் இல்லை. அந்த இடத்தைத் தோண்டி, வேறு மரத்துண்டை அடைத்து இழைத்திருந்தார்கள்.

"எங்கக்கா எங்க, முதலாளி?"

"கோயில் சாமியார் எடுக்கச் சொல்லிட்டார்மா. வாசல்ல யாருக்கும் பாத்தியதை இல்லையாம். படத்துல இருந்தா, 'காலங்காலமா இங்கதான் இருக்கேன்'னு வழக்குக்கு நிப்பாளாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்."

காலங்காலமாகத்தான் இருந்தாள். அம்மா செத்த மறுநாளே அந்த அடுப்பை மூட்டித் தங்கைக்குச் சோறு போட்டவள். ஒதாத்சு பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

நிறத்துக்கொரு கட்டை: தாளில் கருப்பு ஏறியது, நீலம் ஏறியது, கடைசியில் சிவப்பு. தாளை உரித்தவள் சிரித்துவிட்டாள். கருப்புக் கட்டையில் ஆளைத் தோண்டியெடுத்தவர்களுக்குச் சிவப்புக் கட்டையின் ஞாபகமே வரவில்லை! கோயில் வாசலின் சிவப்பும் அக்கா குடையின் சிவப்பும் ஒரே கட்டையில். காம்பும் இல்லை, அடியில் ஆளும் இல்லை. பனிக்கு நடுவே குடை மட்டும் அந்தரத்தில் நின்றது.

அச்சிடுமுன் கட்டையில் அந்த இடத்துச் சாயத்தைத் துணியால் துடைத்தால் தீர்ந்தது. துடைப்பாளா அவள்? அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பைக் குழைத்துப் பூசினாள்.

புத்தாண்டு அவசரத்தில் கிஹெய் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் விற்றார். "ஓஷிமோ குடை எப்ப பறக்கக் கத்துக்கிச்சு?" என்று ஊரே சிரித்தது.

நாலாம் நாள் சாமியார் படத்தோடு கடைக்கு வந்து அவள் முன்னால் நின்றார். பின்னால் கிஹெய், வேர்க்க விறுவிறுக்க.

"இந்தக் குடையை ஏன்டி விட்டு வச்ச?"

"எந்தக் குடை, சாமி? ஏதோ சிவப்பு வட்டம்."

"நடிக்காதே! அது ஓஷிமோ குடைன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்!"

படம் வாங்க வந்த கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

"அங்க ஓஷிமோன்னு ஒருத்தி இருக்கான்னு நான் சொல்லலியே, சாமி. நீங்கதான் சொன்னீங்க. இத்தனை பேர் கேட்டாங்க, வழக்குன்னு வந்தா இவங்கதான் சாட்சி."

"கேட்டோம், கேட்டோம்!" என்றார் ஒரு மீன்காரர். சாமியாரின் முகம் மொட்டைத் தலை வரைக்கும் சிவந்தது.

"துடைச்சிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கிஹெய் ஈரத்துணியை நீட்டினார்.

ஒதாத்சு அதை வாங்கித் தன் கைகளைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தூரிகையைச் சிவப்பில் முக்கினாள்.

"எங்கக்காவை மறுபடி செதுக்கிக் கொண்டாங்க, முதலாளி. அதுவரைக்கும் குடை பறக்கும்."