கணினியை அணைக்க வேண்டாம்

அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவளுடைய குரல் வெளியே பல இடங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. குடியிருப்பின் லிஃப்டில் மாடி எண்ணைச் சொன்னது. பெரிய மருத்துவமனையில் டோக்கன் கூப்பிட்டது. தொலைபேசி நிறுவனம் ஒன்றில், காத்திருந்து கடுப்பேறியவர்களிடம் இன்னும் சற்றுப் பொறுக்கச் சொல்லித் திட்டு வாங்கியது. குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. "ஏன் லிஃப்டக்கா, நேத்து மூணாவது மாடியில நிறுத்திட்டு நாலுன்னு சொன்னீங்களே" என்று யாராவது வம்புக்கு இழுத்தால், "குடுத்த சம்பளத்துக்கு அவ்வளவுதான் எண்ணத் தெரியும்" என்பாள்.

கணவன் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். வருஷத்தில் எட்டு மாதம் கடல்தான். வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனார் முப்பத்தொரு வருஷம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பாத மனிதர். அவருக்குக் கண்ணில் நீரழுத்தம். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, பின்னால் இருக்கும் நரம்பை அழுத்திக்கொண்டே இருக்கும். வலிக்காது. பார்வை ஓரங்களிலிருந்து உதிர்ந்து, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். போன பார்வை திரும்பாது. மிஞ்சியதைக் காக்க, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். பச்சை மூடி மூன்று வேளை, மஞ்சள் மூடி இரண்டு வேளை.

பகலில் அவள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விடுவாள் என்பதால், தன் குரலிலேயே எட்டு நினைவூட்டல்களைப் பதிந்து அவருடைய ஃபோனிலும் கணினியிலும் போட்டிருந்தாள். "மாமா, பச்சை மூடி. கண்ணுக்கு ஒரு சொட்டு போதும்" என்று ஒன்று. "மாமா, கேஸை அணைச்சீங்களா?" என்று ஒன்று. மணி அடித்ததுபோல அந்தந்த நேரத்துக்கு அவை ஒலிக்கும். அவரும், "இதோ எழுந்துட்டேன்மா" என்று காலி வீட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுவார்.

அன்று மதியம் இரண்டரைக்கு அவள் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. எட்டில் அது சேர்த்தியில்லை.

"உங்கள் கணினியில் ஆபத்தான வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது. தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம். திரையில் உள்ள எண்ணை உடனே அழையுங்கள்."

திரை முழுக்கச் சிவப்பு. அதன் முன்னால் மாமனார் ஒரு கையில் பூதக்கண்ணாடியும் மறு கையில் பேனாவுமாகக் குனிந்திருந்தார். மேஜைமேல் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அதில் ஓர் ஆண் குரல், "பொறுமையா படிங்கய்யா, மொத்தம் ஒன்பது நம்பர்" என்றது.

"ஏழு. ரெண்டு. ரெண்டு. அடுத்தது எட்டா மூணான்னு தெரியல, இருங்க" என்றார் மாமனார்.

அந்த ஒன்பது எண்கள்தான் சாவி. கணினியில் ஒரு சின்ன மென்பொருளை இறக்க வைத்து, அது காட்டும் எண்ணை வாங்கிக்கொண்டால், எங்கோ இருப்பவன் இந்தக் கணினியைத் தன் கணினியைப்போல இயக்கலாம். மென்பொருளை இறக்கும் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

"மாமா, ஃபோனை வைங்க."

"இரும்மா. நீ சொன்னதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"நான் எதுவும் சொல்லல மாமா. அதை அணைங்க."

"தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம்" என்றது பெட்டி.

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பெட்டியிலிருந்து வந்த குரல் நிதானமாக, தெளிவாக இருந்தது. வாசலிலிருந்து வந்த குரல் ஓடிவந்து மூச்சிரைத்து, பதறி, கீச்சென்று இருந்தது. கணினியின் ஒயர் செருகியிருந்த மின்பலகையை நோக்கி அவள் குனிந்தாள். அவர் சட்டென்று அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பக்கத்துல யாருங்கய்யா? அவங்க பேச்சைக் கேக்காதீங்க, எல்லாம் அழிஞ்சு போயிடும்" என்றது ஃபோன்.

"இதுல எதும்மா நீ?" என்று கேட்டார் மாமனார். கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

கையைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, "ரெண்டு பேர்கிட்டயும் ஏதாவது கேளுங்க மாமா. யார் பதில் சொல்றாங்கன்னு பாருங்க" என்றாள்.

அவர் யோசித்தார். பிறகு திரையைப் பார்த்து, "காலையில எனக்கு எந்தச் சட்டை எடுத்துக் குடுத்தே?" என்றார்.

"உங்கள் கணினியில் ஆபத்தான வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது."

"நான் எடுத்தே குடுக்கல. நீங்களா எடுத்துப் போட்டுக்கிட்டீங்க. பட்டனையும் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் அவள்.

அவர் விரலால் பட்டன்களைத் தடவிப் பார்த்தார். ஒன்று தள்ளித்தான் இருந்தது. பேனாவை வைத்தார், ஃபோனைத் தடவி எடுத்து அணைத்தார், மின்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

அவள் முதலில் இணைய ஒயரைக் கழற்றினாள். பிறகு விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தாள். அவ்வளவுதான். சிவப்பு சுருங்கியது. மேலே முகவரிப் பட்டையும் மூலையில் மூடும் குறியும் தெரிந்தன. அது வெறும் ஒரு வலைப்பக்கம். திரை முழுக்க விரிந்து, மூடும் குறியை மறைத்து, ஓர் ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு வலைப்பக்கத்தால் கணினிக்குள் புகுந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. தெருவில் போகிற ஒருவன் பூட்டிய வீட்டைப் பார்த்து, உள்ளே அடுப்பில் பால் பொங்குகிறது என்று கத்துவதுபோலத்தான் அது. பக்கத்தை மூடினாள். இறங்கியிருந்த மென்பொருளை நீக்கினாள். கடவுச்சொற்களையெல்லாம் தன் ஃபோனிலிருந்து மாற்றினாள்.

மாமனார் பழைய நிலவரைபடம் ஒன்றைத் தேடியிருக்கிறார். இருப்பதிலேயே பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அப்படிப்பட்ட பக்கங்களில் பெரிய பொத்தான்தான் பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். ஓரம் அவருக்குத் தெரியாது. பதினொன்றரைக்குச் சிவப்புத் திரை வந்தது. திரையில் இருந்த எண்ணுக்கு லைன் கிடைக்காமல் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். மதிய மருந்து விடவில்லை, சாப்பிடவும் இல்லை.

"எழுந்து போயிருக்கலாமே மாமா."

"நீதானே அணைக்க வேண்டாம்னே. விட்டுட்டுப் போனா ஏதாவது ஆயிடுமோன்னு பக்கத்துலயே இருந்தேன்." பிறகு, "அது உன் குரல்தானே?" என்றார்.

"ஆமா மாமா."

போன வருஷம், அவளுக்குக் குரல் வேலை பிடித்துத் தரும் ஏஜெண்ட் பதினொரு வாக்கியங்கள் அனுப்பியிருந்தான். கணினிப் பாதுகாப்பு மென்பொருளுக்கு என்றான். முக்கால் மணி நேர வேலை. வாங்கியவர் பெயரை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. லிஃப்டுக்குச் சொன்னதுபோலத்தான் அதற்கும் சொல்லிவிட்டு வந்தாள். இதை அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் பட்டன்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஃபோனை அவளிடம் நீட்டினார். "அந்த எட்டையும் எடுத்துடு."

"மாமா, அது வேற, இது வேற."

"உன்மேல தப்புன்னு சொல்லல. எல்லைக்கல்லு ஒண்ணு நகர்ந்திருக்குன்னு தெரிஞ்சா, அதை வெச்சு அளந்த எதையும் நாங்க எடுத்துக்க மாட்டோம். திரும்ப முதல்லேருந்துதான் அளப்போம். எனக்கு இப்ப எது எதுன்னு தெரியல. அவ்வளவுதான்."

எட்டையும் அழித்தாள்.

அதன்பிறகு அவளே வேளாவேளைக்கு ஃபோனில் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்பார். "நேத்து மழை எத்தனை மணிக்கு நின்னுச்சு?" "குளியலறை வாளி எந்த மூலையில இருக்கு?" அவள் பதில் சொன்னால்தான் மருந்தை எடுப்பார். ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும், "அவரைக்காய்க்கு உப்பு அதிகம்னு சொன்னீங்க மாமா, நான் தண்ணி ஊத்தினேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒலிப்பதிவாளர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவு ஓடும்போது ஃபோனைத் தொட முடியாது. ஒலிபுகாத அறையில் சிக்னலும் கிடைக்காது. வாரத்தில் மூன்று மதியமாவது தவறியது. தானாக நினைவு வைத்து மருந்து விட அவர் முயன்றார். விட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் ஒரே மருந்தை இரண்டு தடவை விட்டார், அல்லது விடாமலே இருந்தார்.

ஆறு வாரத்தில் கண் மருத்துவர் அழுத்தம் பார்த்தார். பதினாறில் இருந்தது இருபத்தாறு ஆகியிருந்தது. "பெரியவரே, இப்படியே போனா அடுத்த வருஷம் அளக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டீங்க" என்றார். மாமனார் சிரித்து வைத்தார். திரும்பும் வழி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் அவள் ஏஜெண்டைக் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் கை மாறிப் போயாச்சுக்கா. இப்ப யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது."

"வாங்கினவன் பேரைச் சொல்லு. நான் இணையக் குற்றப் பிரிவுல எழுதிக் குடுக்கப் போறேன்."

"உங்க குரல்னு யாருக்குத் தெரியப் போகுது? நீங்களா போய் மாட்டிக்குவீங்களா? கையெழுத்துப் போட்டீங்கன்னா அப்புறம் நம்ம லைன்ல யாரும் கூப்பிட மாட்டாங்க. நானும்தான்."

அவளுக்கு வந்த வேலையில் பாதிக்குமேல் அவன் வழியாக வந்ததுதான். அதை யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். "நானும் வர்றேன்" என்று மாமனார் கைத்தடியை எடுத்தார். அவருக்கும் செருப்பை எடுத்து வைத்தாள்.

விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண். எதிரே உட்கார்ந்த இவள் வாய் திறந்து இரண்டு வார்த்தை சொன்னதுமே அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மாசமா உங்க குரலைக் கேட்டுக்கிட்டிருக்கோம். பதினாலு புகார். எங்க பசங்க இந்தக் குரலுக்கு வெச்ச பேரே அத்தை."

"அத்தையா?"

"மத்த குரலெல்லாம் மிரட்டும். இது மிரட்டாது. அக்கறையா சொல்லும். ஆளுங்க எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க."

நான்தான் என்று சொன்னால் மட்டும் போதாது என்று அதிகாரி விளக்கினார். குரல்வளைக்குள் இருக்கும் நாண்கள் எத்தனை வேகத்தில் துடிக்கின்றன என்பது ஒன்று. அந்தத் துடிப்பு தொண்டை, வாய், மூக்கு என்று எந்த வடிவக் குழிகளில் மோதி வெளியே வருகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கணினி கோடுகளாக வரையும். பழைய பதிவும் புதிய பதிவும் ஒப்பிட, அதே வாக்கியங்களை அதே மாதிரி சொல்ல வேண்டும். ஒரே ஆள் கோபத்தில் பேசினால் ஒரு கோடு, கொஞ்சினால் வேறு கோடு. பொருந்திவிட்டால் அதை வைத்து ஏஜெண்டின் ரசீதுகளைக் கேட்கலாம், அங்கிருந்து வாங்கியவனைப் பிடிக்கலாம்.

அவள் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து பதினொன்றையும் படித்தாள். அதிகாரி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறுபடி படித்தாள். பதினைந்து வருஷம் பழகிய தொழில், சொன்ன வார்த்தை சொன்ன இடத்தில் விழும். ஆனால் அந்த வாக்கியங்களில் நாக்கு வைக்கவே கூசியது. பஸ் நேரப் பட்டியலைப் படிப்பதுபோல வந்தது.

"வார்த்தை அதேதான், ராகம் வேற" என்றார் அதிகாரி. "இதை வெச்சு நீங்கதான்னு என்னால நிரூபிக்க முடியாது. வேணும்னா விட்டுடலாம். உங்களை யாரும் கட்டாயப்படுத்தல."

அவள் தாளை நேராக்கி, மறுபடி முதல் வரியில் விரலை வைத்தாள்.

"என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லும்மா" என்றார் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனார்.

அவள் திரும்பினாள். சொல்லாமல் வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அன்னைக்கும் அப்படித்தான் சொன்னேன் மாமா. வீட்டுல இருக்கற பெரியவங்களை நினைச்சுக்கங்கன்னு ஏஜெண்ட் சொன்னான். நான் உங்களை நினைச்சுக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். "தெரியும். வேற மாதிரி இருந்திருந்தா அவ்வளவு நேரம் உக்காந்திருப்பேனா?"

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்கு நேர் எதிரே போட்டார். கழுத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, மிஞ்சியிருந்த வட்டத்துக்குள் அவள் முகத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"ம்" என்றார்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது என்று, தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்று, உடனே அழையுங்கள் என்று. கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார். ஏழாவது வாக்கியத்தில் அவள் குரல் ஒருமுறை இடறியது. நிறுத்தி, அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி சொன்னாள். பதினொன்றும் முடிந்தபோது அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோட்டை நகர்த்தினார். அவை ஒன்றாகப் படிந்தன.

மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஃபோன் பையில் அதிர்ந்தது. ஏஜெண்டாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. படியிறங்க அவர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எட்டையும் திரும்பப் போட்டுடு."

"அதைத்தான் அழிச்சுட்டேனே. புதுசாப் பதியணும் மாமா."

"பதிஞ்சு போடு."

"கேட்டா அது பதில் சொல்லாது மாமா."

"சொல்லாட்டி என்ன" என்றார் அவர், அடுத்த படியைக் காலால் துழாவியபடி. "சாயங்காலம் நீ வந்ததும் கேட்டுக்கறேன்."