பத்துக்குக் கீழே

றுவைஸின் உடலைக் கிடத்திய இரும்புச் சந்தூக்கை நாலு பேர் தூக்கி வாசலைத் தாண்டும்போது கடற்பக்கம் மின்னியது. அறைக்குள் வெள்ளைச் சீலையில் இருந்த அவன் மனைவி ஜெஸீமா விரல் மடக்கத் தொடங்கினாள். பதினாறில் இடித்தது.

"என்ன புள்ள எண்ணுற? கலிமாவைச் சொல்லு" என்றாள் றுவைஸின் மூத்த சகோதரி பரீதா ராத்தா.

எண்ணுவதுதான் ஜெஸீமாவின் வேலை. துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வரும் றுவைஸ், வானம் கறுத்தால் சோறும் கேட்கமாட்டான். பழைய கமெராவைப் பாண் பையில் சுற்றிக்கொண்டு மின்னலைப் படம்பிடிக்கக் கிண்ணியா வயல்வெளிக்கு பைக்கை விடுவான். பின்னால் அவள். அவன் கண் கமெராவில் இருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே அவள் எண்ணுவாள். பத்துக்குக் கீழே வந்தால், இடி கிட்ட வந்துவிட்டதென்று சட்டையைப் பிடித்து இழுப்பாள். "இன்னும் ஒண்டு, ஒரேயொண்டு" என்று கெஞ்சுவான். விடமாட்டாள். எட்டு வருசம் அப்படி.

நேற்று "வாறியா?" என்று கேட்டான்.

"மீன் வெட்டுறன். உங்கட மேகத்தை நீங்களே போய்க் கட்டிப்பிடியுங்க."

சிரித்துக்கொண்டு போனான். வரம்பில் கருகிக் கிடந்தவனை உழவு மெசினில் ஏற்றி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுக்க இன்று பின்னேரமாகிவிட்டது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். மின்னல். பதினொன்று. அவனை அடக்கப்போகும் மையவாடி கடலோரத்து வெறும் மணல். ஒரு மரம் இல்லை. ஊர் ஆண்களெல்லாம் அங்கே மண்வெட்டியும் கையுமாக நிற்பார்கள்.

அடுத்தது ஏழு.

ஜெஸீமா போனை எடுத்தாள். பரீதா கையைப் பிடித்தாள். "புருசன் மௌத்தாகி இத்தாவில இருக்கிறவ ஆம்பிளையளோட கதைக்கிறதா?"

"உங்கட மற்றத் தம்பியும் அங்கதான் ராத்தா நிக்கிறார்."

பிடி தளர்ந்தது.

"நஸ்ரி, எல்லாரையும் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஏத்துங்க. இடி ஏழில நிக்குது."

"வெட்டின கபுறுக் குழிக்குள்ள தண்ணி ஊறுது மதினி. மையத்தை மணல்ல போட்டுட்டு ஓடச் சொல்றீங்களா? ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டும். அவருக்கு இனி ஒண்டும் ஆகாது. உங்களுக்கு ஆகும்."

 போனில் மழை இரைச்சலுக்கு மேலே நஸ்ரி கத்தினான்: "மண்வெட்டியைப் போட்டுட்டுப் பள்ளிக்கு ஏறுங்க!" யாரோ ஏசினார்கள். கால்கள் ஓடின.

"நீங்களும் போங்க."

"ஏலாது மதினி. கூடப் பொறந்த காக்காவைத் தனிய விட்டுட்டா?"



"அப்ப குந்துங்க" என்றாள் ஜெஸீமா. "தலையைக் குனிஞ்சு குந்துங்க. சந்தூக்கைத் தொடாம எட்ட. போனை வைக்காதீங்க, நான் எண்ணுறன்."

ஐந்து. நாலு. ஓடு அதிர்ந்தது. "இருக்கிறீங்களா?" "ஓம்." ஆறு. பரீதா பக்கத்தில் வந்து இருந்து, அவளும் விரல் மடக்கினாள். ஒன்பது. பதின்மூன்று. வெகுநேரம் கழித்து, முப்பத்திரண்டு.

"இப்ப எல்லாரையும் கூப்பிட்டு அடக்குங்க."

மண்வெட்டி ஈர மணலில் இறங்குவது போனில் கேட்டது. துறைமுகத்துக்கு அப்பால் இன்னொரு முறை வெளிச்சம் விழுந்தது. ஜெஸீமா எண்ணினாள். அறுபதுக்கு மேலும் எண்ணினாள். இடி வரவில்லை.

"போதும் புள்ள" என்று பரீதா அவள் கையைப் பிடித்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.