தோலை ஒட்டுகிற பனியன்

நெசவாளியைக் கட்டிக்கொண்டவள் துணியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எங்கள் எடப்பாடியில் இது எழுதாத சட்டம். நான் திறந்தேன். கேட்டால்தானே!

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, பத்ரிக்குப் போய்ப் பிண்டம் வைப்பதாகத் தன் அம்மா சாகக் கிடந்தபோது வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே வைத்தால் ஆத்மா நேரே கரையேறிவிடும் என்று யாரோ என் மாமியாருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் நன்றாக இருக்கட்டும். தறிக்குழியில் கால் விட்டே பாதி ஆயுசைக் கழித்த மனுஷன் இவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, ஐப்பசி மழையில் இருமத் தொடங்கினால் தை வரைக்கும் ஓயாது. மேட்டூர் அணை வேலை முடிந்த வருஷம் மார்கழியில் ஏற்காட்டுக்கு நடந்தே ஏறி, வேர்த்த உடம்போடு பனியில் நின்று, மார்ச்சளி பிடித்துப் பிழைத்ததே மறுபிறப்பு. அவர்தான் இமயமலை ஏறப் போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. நூல் வியாபாரி கைலாசம் முந்தின வருஷம் பத்ரி போய் வந்தார். அவரோடு கிளம்பிய சின்னண்ணன், எங்கள் தெருக்கோடித் தறிக்காரர், மலைப்பாதையிலேயே போய்விட்டார். அதனால் இவர் ரயிலை விசாரிக்கும் முன்பே நான் கைலாசத்திடம் போய் நின்றேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். மேலே ஆளைக் கொல்வது பனி இல்லையாம், வேர்வையாம்; சின்னண்ணன் போனதும் அப்படித்தானாம். ஏறும்போது பருத்தி பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தால் போதும், அந்த ஈரம் சில்லிட்டுப் போய் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதன் மேல் நாலு போர்வை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. கம்பளி பனியன் என்றால் நனைந்தாலும் சூட்டை விடாது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் காற்று உள்ளே குடியேறிவிடும், இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும்.

"மேல போட்ட துணியாட்டம் இருக்கக் கூடாதுங்க, தோலாட்டம் இருக்கோணும்," என்றார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பனியன்தான் என் கனவிலும் வந்தது. சித்திரை வெயிலில் பஸ் ஏறிச் சேலம் போனோம். ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில், வேர்த்து வழிந்துகொண்டு கம்பளி கேட்ட எங்களைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் மிஞ்சியது இரண்டே பனியன். ஒன்று இவருக்கென்றே பின்னியது போல இருந்தது. மற்றது என் அண்ணனைப் போலத் தொந்திக்காரர்களுக்கு. இவர் இரண்டையும் மாரோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதை எடுத்தார். சின்னதுதான் சரி என்றேன். கோடித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பதுகூடத் தெரியாதா, நீ நெசவுக்காரன் வீட்டில்தான் பிறந்தாயா என்று கடைக்காரர் முன்னால் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சுருக்குகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். நூல் வேகவைக்கிற அண்டாவில் சோடா உப்பைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டார். அதில் பனியனை அமுக்கிக் கட்டையால் கிண்டினார். இது பருத்தி இல்லை, ஆட்டு மயிர், பச்சைத் தண்ணீரே போதும் என்று கத்தினேன். துணியைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றார். பிறகு கல்லில் நாலு அடி, வெயிலில் ஒரு பகல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எடுத்தபோது அது எங்கள் பையனுக்கே பற்றாது. அட்டை மாதிரித் தடித்து, முறுக்கிக்கொண்டு நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாயடைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனுக்குப் பேச்சு வராத ஒரு நாளுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! வந்தபோது அதை அனுபவிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சேலத்துக்கு ஆள் விட்டேன். அந்தச் சின்ன பனியன் விற்றுப்போயிருந்தது. வேறு கடைகளில் கம்பளி சரக்கு மழைக்காலத்துக்குத்தான் வருமாம். கூடப் போகிறவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள், அந்த வாரக் கடைசியில் சங்ககிரியில் ரயில். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அம்மாவிடம் சொன்ன சொல் சொல்தான், இரண்டு பருத்தி பனியனாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஒன்றுக்கு இரண்டாக நனைவதற்கா என்று கேட்டு அழுதேன். அவரும் பயந்துதான் இருந்தார். ராட்டையில் சுற்றிய நூல் அன்று மூன்று தடவை அறுந்தது.

மறுபடி கைலாசத்திடம் ஓடினேன். அவர் தன் பனியனைத் தயங்காமல் கொடுத்தார். ஆனால் அதற்குள் இரண்டு நாச்சிமுத்து நுழையலாம். திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை மடித்துக்கொண்டே, இன்னொன்று இருக்கிறது என்றார். சின்னண்ணனுக்கும் அவருக்கும் ஒன்றாக வாங்கியதாம். சின்னண்ணன் ஒரு நாள்கூடப் போடவில்லையாம். மூட்டையில் இருந்ததைக் கைலாசம்தான் கொண்டுவந்து சின்னண்ணன் சம்சாரம் முத்தாயம்மாளிடம் சேர்த்திருக்கிறார். சின்னண்ணனுக்கு என் வீட்டுக்காரரின் உடல்வாகுதான்.

செத்தவர் பனியன். அதுவும் தாலி அறுத்தவள் கையிலிருந்து, யாத்திரை கிளம்பும் நேரத்தில். வழியெல்லாம் என் மனசு அடித்துக்கொண்டது. சகுனம் பார்த்தால் இந்தப் பனியன் இல்லை, பனியன் இல்லாவிட்டால் இந்த மனுஷன் இல்லை. போகட்டும், சகுனத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று இவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

எங்களைப் பார்த்ததும் முத்தாயம்மாள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பயணம் போகிறவர் தன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றாள். நான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்து, வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் உடனே பெட்டியைத் திறந்து எடுத்து வந்தாள். மடிப்புக் கலையாத பனியன். அதன் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

"ஏனுங்கக்கா இதப் போடாம உட்டுட்டாரு?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"நாந்தான் அம்மிணி. கோடித் துணி, சாமி முன்னால முதமுதல்ல போட்டுக்கங்கன்னு மஞ்ச வெச்சு மடிச்சுக் குடுத்தேன். அதுவரைக்கும் பழய பருத்தி பனியனே போதுமுன்னு சொன்னேன்."

பத்திரமாக மூட்டையில் வைக்கிறோம் அக்கா என்று வாங்கப் போனேன். அவள் விடவில்லை.

"மூட்டையில வெக்காதீங்க. இங்கயே போடச் சொல்லுங்க, நாம் பாக்கோணும்."

அந்த உச்சி வெயிலில் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு அதைத் தலைவழியாக இறக்கினார். கழுத்தில் சரியாக உட்கார்ந்தது. கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். குனியச் சொன்னாள், குனிந்தார். வயிற்றுப்பக்கம் மேலே ஏறவில்லை, அக்குளில் இடைவெளி இல்லை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவருக்குக் கம்பளி குத்தியிருக்கும், வேர்வை காதோரம் வழிந்தது. எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுகிற மனுஷன் அசையாமல் நின்றார். முத்தாயம்மாள் அவர் முதுகுப்பக்கம் போய், சுருக்கம் இருந்த இடத்தை ஒருமுறை கையால் நீவிவிட்டாள். நீவிய கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மலையேறி எறங்கற வரைக்கும் கழட்டாதீங்க, சாமி."

"நீங்க சொன்னபடியே கேக்கறனுங்கக்கா," என்றார் இவர்.

"அவுரும் நாஞ் சொன்னதத்தான் கேட்டாரு," என்றாள் முத்தாயம்மாள்.