பக்கத்து வீட்டு ஃப்ரீசர்

குப்பைத் தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைத்துவிட்டுத் திரும்பும்போது ருக்மிணி சட்டென்று நின்றாள். நாற்றம் அவளுடைய தொட்டியிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டு கராஜ் கதவின் அடியிலிருந்து வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். ஒரு முறை மூக்கில் ஏறினால் காபி குடித்தாலும் இறங்காது. கதவுக்கடியில் பழுப்பாக ஏதோ கசிந்து, காப்பெல் என்ற அந்த அமெரிக்க ஊரின் ஜூலை வெயிலில் பிசுக்காகப் படிந்திருந்தது. அதன்மேல் ஈக்கள் மொய்த்தன. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"பக்கத்தாத்துல என்னமோ செத்துக் கெடக்குன்னா."

கோவிட் வந்ததிலிருந்து மூக்கு செத்துப்போன அவள் கணவர் ராமசுப்ரமணியன் லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

அந்த வாரம் அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தையும் சொல்லியாக வேண்டும். அவள் தோழி ஸ்ம்ருதி நடத்தும் புத்தக வட்டத்தில் எல்லோர் தலையிலும் கட்டப்பட்ட ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல். பனி கொட்டும் ஊரில் ஓய்வுபெற்ற பியானோ டீச்சர் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரியைக் காணோமே என்று மோப்பம் பிடித்துப் போய், அவளை ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுகளுக்குக் கீழே கண்டுபிடிக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேக் சாப்பிடுகிறாள். அந்த இடத்தில் ருக்மிணி வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் இருப்பது முகம்மதுவும் அவன் மனைவி ஷரீபாவும். ருக்மிணி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, அவளுக்கென்றே புதுப் பாத்திரம் வாங்கி, அதில் சைவமாகச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் ஷரீபா. பக்ரீத் அன்று சாயங்காலம் முகம்மது கனமான கறுப்புப் பைகளை கராஜுக்குள் சுமந்து போனதை ருக்மிணி ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். மறுநாள் ஷரீபா நாகூருக்குப் போய்விட்டாள் என்று முகம்மது சொன்னான். போனதை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ராமசுப்ரமணியனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவனும் கிளம்பினான். ஷரீபாவுக்கு அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. முகம்மதுவிடம் கேட்டதற்கு, "நல்லா இருக்காக்கா" என்று ஒரே வரி வந்தது. நாவலில் வந்த கொலைகாரனும் அளந்துதான் பேசினான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற கொலைகாரன் உண்டா என்று அவள் யோசிக்கவில்லை. கணவரிடம்கூடச் சொல்லாமல் போலீசுக்கு போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை இளவயது அதிகாரி ஒருவர் வந்தார். ராமசுப்ரமணியன் பதறிப்போய்ச் சாவியோடு வந்து வீட்டைத் திறந்துவிட்டார். கராஜில் விளக்கு எரியவில்லை. அதிகாரி டார்ச் அடித்து, மூலையில் இருந்த பெரிய ஃப்ரீசரின் மூடியைத் தூக்கினார். உள்ளே கறுப்புப் பைகள் உப்பி வெடித்துக் கிடந்தன. புழுக்கள் நெளிந்தன. மேலாக ஒரு தொடை, பச்சை பூத்து, எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அதிகாரி ஓடிப்போய்ப் புல்தரையில் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, இது மனிதத் தொடையா என்று ருக்மிணியிடம் கேட்டார். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவளுக்கு என்ன தெரியும்? "இருக்கலாம்," என்றாள்.

ராமசுப்ரமணியன் அதற்குள் முகம்மதுவுக்கு வீடியோ கால் போட்டிருந்தார். எடுத்தது ஷரீபா.

"அண்ணே! அக்கா எங்க, குடுங்க! என் போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சுக்கா. எல்லாரையும் மிஸ் பண்றேன்."

ருக்மிணி போனை வாங்கி ஃப்ரீசர் பக்கம் திருப்பினாள்.

"அய்யய்யோ, பக்ரீத் குர்பானி கறி! முழு ஆடுக்கா அது. வந்ததும் மூணு வீட்டுக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தேன். கரண்ட் எப்படிப் போச்சு?"

ராமசுப்ரமணியன் போன் பக்கம் குனிந்தார். "நான்தாம்மா வெளியில இருக்கற மெயினை ஆஃப் பண்ணேன். ஊருக்குப் போனா எல்லாரும் பண்றதுதானே? மாம்பலத்துல அப்பா..." என்று இழுத்தார்.

ஷரீபா விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுங்கண்ணே, நல்லதுக்குத்தானே பண்ணீங்க. வேற வாங்கிக்கலாம்."

ருக்மிணி போனை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். பக்கத்து வீடு தெருக்கோடிப் பத்மநாபனுடையதாக இருந்திருந்தால் எலி செத்திருக்கும் என்றுதான் நினைத்திருப்பாள். எலியைப் பிடிக்க ஆள் கூப்பிட்டிருப்பாள். தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"பின்னாடி யாருக்கா, போலீஸா? திருடன் வந்துட்டானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ருக்மிணி வாயைத் திறப்பதற்குள் அதிகாரி எட்டிப் பார்த்து, மிக மரியாதையாக ஆங்கிலத்தில் விளக்கினார். உங்கள் கணவர் உங்களை ஏதாவது செய்திருப்பாரோ என்று இந்த அம்மா பயந்து புகார் கொடுத்தார். நீங்கள் நலமாக இருப்பது மகிழ்ச்சி.

ஷரீபாவின் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது.

"யாரு, எங்க வீட்டுக்காரரா?" என்றாள். பிறகு, "அக்கா, நீங்களா?"

 ஷரீபா போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டு எழுந்துபோனாள். திரையில் நாகூர் வீட்டின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முகம்மதுவின் குரல், "என்னவாம்?" என்று கேட்டது. ஷரீபா ஏதோ தணிந்த குரலில் சொன்னாள்.  ருக்மிணி இணைப்பைத் துண்டிக்கத் தைரியம் இல்லாமல் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.