பட்ட கிளை

“மேலே ஏறிப் போய் என்ன பண்ணுவீங்க?”

மரமேறும் கிளப்பின் மாஸ்டர் முதல் நாளே அவளிடம் கேட்ட கேள்வி இது. “வெட்டுவேன்,” என்றாள் அவள். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அதில் என்ன வேடிக்கை என்று அவளுக்கு விளங்கவில்லை.

கல்யாணமான நாள் முதல் புருஷனோடு சேர்ந்து கிளை கழிக்கிற வேலைதான். மின்கம்பியில் உரசும் கிளை, கூரைமேல் சாய்ந்த கிளை. அவள் மேலே ரம்பத்தோடு, அவன் கீழே கயிற்றோடு. வெட்ட வேண்டியதில்லாத மரத்தில் அவள் ஏறியதே கிடையாது.

இப்போது வலது தோள் போய்விட்டது. இனி ரம்பம் பிடித்தால் கை தூக்கவே வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்தக் கிளப்பில் ரம்பத்துக்கு வேலை இல்லை. விடுமுறை நாட்களில் ஜனங்கள் காசு கொடுத்து வருகிறார்கள். இடுப்பில் பட்டை கட்டிக் கயிற்றில் ஏறுகிறார்கள். கிளையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். அவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேலையில் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.

“சும்மா உட்காரக் காசா? குடுக்கிறவன் குடுக்கட்டும், நீ வாங்கிக்க,” என்றான் புருஷன். “ஆனா உன் கை சும்மா இருக்குமாடி? தூக்கத்துல தலையணையை அறுக்கிறவ நீ.”

சோதனை இதுதான்: கிளப்பின் மூத்த உறுப்பினரான தபால்காரம்மாவை ஒருதடவை ஏற்றி இறக்க வேண்டும். “அவங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வேலை உங்களுக்கு,” என்றார் மாஸ்டர். “ரம்பம் மட்டும் கீழேயே இருக்கட்டும்.”

தபால்காரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், பேச்சிலிருந்து அல்ல. தலைக்கவசத்தை மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஆயுசு பூரா மாடிப்படி ஏறினேன் கண்ணு. மேல போனா ஒண்ணு நாய் இருக்கும், இல்லாட்டி பூட்டு தொங்கும். இங்கே ரெண்டும் கிடையாது பாரு.”

“மெதுவா வாங்கம்மா. நான் முன்னால போய் இடத்தைப் பார்க்கிறேன்.”

“போ, போ. மேல உனக்கு ஒண்ணு காட்டணும். இப்பச் சொல்ல மாட்டேன், கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.”

அவள் கெஞ்சவில்லை. மடமடவென்று ஏறினாள். உட்காரும் கவட்டைக்கு நேர் மேலே பட்டுப்போன கிளை ஒன்று, பட்டை உரிந்து, வெளுத்து நின்றது. அவள் தொழிலில், தலைக்கு மேல் பட்ட கிளையை வைத்துக்கொண்டு யாரும் உட்காரமாட்டார்கள். கண் பார்த்தது, வாய், “கீழே பாரு!” என்று கத்தியது.

“யாருமில்ல!” என்றார் கீழே நின்ற மாஸ்டர். தபால்காரம்மா மரத்தின் மறுபக்கக் கயிற்றில் இருந்தார்.

குதிகாலால் ஒரே உதை. கிளை மளுக்கென்று முறிந்து போய் விழுந்தது. ரம்பமே இல்லாமல் முடித்துவிட்டோம் என்று அவளுக்குத் திருப்தி.

தபால்காரம்மா மூச்சிரைக்க வந்து கவட்டையில் உட்கார்ந்தார். “என்ன கண்ணு, இடியா விழுந்துச்சு?” என்றபடியே அண்ணாந்தார். கிளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு காயம்.

“பட்ட கிளைம்மா. உங்க தலையில விழுந்துடும்னு தள்ளிட்டேன்.”

“அதுலதான் மரங்கொத்தி பொந்து குடைஞ்சுக்கிட்டிருந்துச்சு,” என்றார் தபால்காரம்மா. “அதைத்தான் உனக்கு…”

அத்தோடு பேச்சு நின்றது. இறங்கும்போது அவள் கயிற்றை ஓர் உதறல்கூட இல்லாமல் விட்டாள். இதைவிடப் பதவிசாக அவள் யாரையும் இறக்கியதில்லை.

கீழே மாஸ்டர் கிளையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்க்காத மறுபக்கத்தில் வட்டமாக ஒரு துளை. “முட்டை இன்னும் வைக்கலம்மா. அது வேற கிளை பார்த்துக்கும்,” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “சொல்லாம விட்டது என் தப்புதான்,” என்றார்.

“மன்னிச்சுக்குங்கம்மா,” என்றாள் அவள். “தெரியாது எனக்கு.”

மாஸ்டரும் அவளும் தபால்காரம்மாவின் வாயையே பார்த்தார்கள். அவர் குனிந்து, துளைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுவதும் உள்ளே போனது. நிமிர்ந்து விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார், இடுப்புப் பட்டையை அவிழ்த்து, மடித்து, மேஜைமேல் வைத்தார், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அம்மா, அப்போ இவங்களை…” என்று இழுத்தார் மாஸ்டர்.

தபால்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து, வெளியே போய், சத்தம் வராமல் சாத்தினார்.