மறுவீட்டு மேட்னி

புது மாப்பிள்ளை என்றால் ராஜா மாதிரி என்பார்கள். கெடார் கிராமத்துத் திருமுருகனைக் கேட்டால் கைதி மாதிரி என்பான். மறுவீட்டு விருந்துக்குத் திண்டிவனத்தில் மாமனார் வீட்டுக்கு வந்ததிலிருந்து தின்பதும் தூங்குவதும்தான் வேலை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு தடவை விருந்தைத் தள்ளிப்போட்டு, மாமனார் வேங்கடேசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் சமாதானம் பேசி நடக்கிற விருந்து இது. பாதியில் எழுந்து போனால் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்.

உடம்புதான் திண்டிவனத்தில் இருந்தது. பிடுங்கி ஆய்ந்த மல்லாட்டை அத்தனையும் கெடாரில் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பாஞ்சாலி ஒண்டியாகக் காவல். வெயிலை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தான். காலையிலிருந்து விழுப்புரம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் தோல் கறுத்துவிடும், வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான்.

இந்த நேரம் பார்த்து மாமனார் எல்லோருக்கும் மேட்னி ஷோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். இங்கிலீஷ் படம், தமிழில் பேசியது. ஹீரோ கையில் ஒரு வளையம். எங்கே யாருக்கு ஆபத்து என்றாலும் அது சிவப்பாக மின்னும், அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு பறந்துவிடுவான். காதலியோடு சாப்பிட உட்கார்ந்தால் மின்னும். அவள் அப்பா பேச்சை ஆரம்பித்தால் மின்னும். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவான். ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று பெரிய பெரிய கட்டடத்தையெல்லாம் இடித்துத் தள்ளினான், ஒருத்தனும் சண்டைக்கு வரவில்லை. இவனுக்கு மாமனார் இல்லை, அதுதான் இவனுடைய பலமே என்று திருமுருகன் பொறாமையோடு நினைத்துக்கொண்டான்.

இடி இடித்தால் படத்திலா வானத்திலா என்று புரியவில்லை. பாத்ரூம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"கருகருன்னு வந்துக்கினு இருக்குது," என்றாள் பாஞ்சாலி. "தார்பாய எடுத்து வச்சிட்டேன். கூப்பிட ஆளுதான் இல்ல, அவுங்கவுங்க களத்துக்கு ஓடிட்டாங்க. அதுக்காக நீ வராத. விருந்துல பாதியில எழுந்து வந்தா மானம் போயிடும்."

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, திரையில் ஹீரோ மோதிரம் மாற்றுகிற நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மனைவி கலைப்பிரியா, மடியில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உச்சுக்கொட்டினாள்.

"ஊரையே காப்பாத்தட்டும். கட்டிக்கப்போறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா இன்னா கொறஞ்சிடுவான்? பேஜாரு புடிச்ச படம்."

அவன் கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டே இருந்தது.

இடைவேளை விட்டதும் மாமனார் பப்ஸ் வாங்கப் போனார். இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது.

"கலை, எங்க ஊரு சுதாகரு இருக்கான்ல, என் ஃப்ரெண்டு. வண்டியிலேருந்து வுழுந்து கால ஒடச்சிக்கினானாம். விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ஒரு எட்டு பாத்துட்டு ஜல்தியா வந்துடுறேன். மாமாகிட்ட நீ சொல்லிடு."

கலைப்பிரியா அவனை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போயிருந்தப்ப அத்தை எனக்கும் போன் பண்ணாங்க. மழை வரும்போல இருக்குது, எம்புள்ளைக்கு இருப்பு கொள்ளாது, நீ அனுப்பாதன்னாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க இன்னான்னா சுதாகர் அண்ணன் கால ஒடச்சிட்டீங்க."

அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"மல்லாட்டை நனைஞ்சிடும் கலை. என்னால இங்க ஒக்கார முடியல."

"அத அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் விக்கிரவாண்டி தாண்டியிருக்கலாம்." அவள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வேங்கடேசன் பப்ஸ் பொட்டலத்தோடு எதிரே வந்தார். இந்தத் தடவை திருமுருகன் உள்ளதைச் சொன்னான். "மாமா, மல்லாட்டை களத்துல கெடக்குது, மழை வருது. நான் போகணுங்க."

"நானும் போறேம்பா," என்றாள் கலைப்பிரியா.

மாமனார் முகம் சுருங்கிப்போனது. ராத்திரி விருந்துக்கு ஆடு அறுத்து வைத்திருந்தார். மாப்பிள்ளையை ஏறெடுத்துப் பார்க்காமல் பொட்டலத்தை மகள் கையில் திணித்தார். "வழியில சாப்புடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சப் படம் பார்க்க உள்ளே போனார்.

பைக் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. அம்மாவிடமிருந்து போன். ஓரமாக நிறுத்தி எடுத்தான்.

"இங்க புடிச்சிக்கிச்சிடா. ஒண்டியா எவ்ளோதான் இழுக்கிறது? பாதிதான் மூட முடிஞ்சிது. மீதி நனைஞ்சிபோச்சி. இனிமே நீ வந்து இன்னா ஆவப்போவுது, அங்கியே இரு."

போனைப் பையில் போட்டான். தியேட்டரில் அவன் பாத்ரூமுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டிருந்த நேரம் நெஞ்சை அறுத்தது.

"அத்தை இன்னா சொன்னாங்க?" என்றாள் பின்னாலிருந்து.

ஒண்ணுமில்ல என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினான்.

"பாதி நனைஞ்சிபோச்சாம் கலை."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மீதி பாதி இருக்குதில்ல. ஓட்டுங்க."